இடதுகால் வலை

அத்தியாயம் 6

செட்டிபாளையம் களப்பு மீனவர் சங்கத் தலைவர் கதிர்காமத்தம்பி கடைசியாகத் தோணியில் ஏறி எத்தனை வருடம் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. கடைசியாக மேடையில் ஏறி எத்தனை நாள் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்லுவார். நேற்று.

அவர் போட்டிருந்த நீல நிற டீசேட்டின் நெஞ்சில் ஒரு மீன் சிரித்துக்கொண்டிருந்தது. முதுகில் 'வாவி எங்கள் உயிர்' என்று எழுதியிருந்தது. தலைவரின் வயிற்றுத் தயவால் அந்த மீன் முட்டைக்கு நிற்பது போல ஊதித் தெரிந்தது. சங்கக் கட்டடத்தின் சுவரில் 'பிளாஸ்டிக்கை ஒழிப்போம்' என்று ஒரு பதாகை. அது பிளாஸ்டிக்கால் செய்யப்பட்டிருந்ததை நௌஷாட் கவனித்தான். இப்படியானவற்றைக் கவனிக்கத்தான் அவனுக்குச் சம்பளம். கட்டாரில் இரண்டு வருடம், தானாகத் திறந்து தானாக மூடும் ஒரு கண்ணாடிக் கதவுக்குக் காவல் நின்ற அனுபவம் அவனுக்கு இருந்தது. அந்தக் கதவைவிடத் தனக்கு வேலை குறைவு என்று கண்டதும் ஊருக்கு வந்துவிட்டான். இப்போது மட்டக்களப்பு நகரில், ஒரு போன் திருத்தும் கடைக்கு மேல்மாடியில் இயங்கும் தனுஷா துப்பறியும் நிலையத்தின் ஒரே உதவியாளன்.

நிலையத்தின் ஒரே துப்பறிவாளர் தனுஷா அவன் பக்கத்தில் அமர்ந்து, கொடுத்த தேநீரைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிநாட்டு மாப்பிள்ளைமாருக்கு அங்கே ஏற்கெனவே ஒரு மனைவி உண்டா என்று விசாரித்துச் சொல்வதுதான் அவளுடைய பிழைப்பு. ஆறு வருடத்தில் பதினான்கு கல்யாணங்களை நிறுத்தியிருக்கிறாள். பதினான்கு பெண்கள் இன்னும் அவளுக்குப் பெருநாளுக்கும் பொங்கலுக்கும் பலகாரம் அனுப்புகிறார்கள்.

"பெரிய வேலை ஒண்டுமில்ல பிள்ள," என்றார் தலைவர். "ஒரு பக்க அறிக்கை. 'விசாரிச்சம், வலை கண்ணகைடதான்' எண்டு எழுதி ஒப்பம் வச்சாக் காணும். நாலு மணிக்குப் பொதுக்கூட்டம். மீன்பிடி அலுவலர் வாறார். வெளியாள் ஒருத்தர் விசாரிச்ச மாதிரி இருக்கணும் எண்டு அவர் பிடிவாதம்."

"விசாரிச்ச மாதிரியா, விசாரிக்கவா?" என்று கேட்டான் நௌஷாட்.

"ரெண்டும் ஒண்டுதானே தம்பி."

தனுஷா தேநீரை மேசையில் வைத்தாள். "நடந்ததச் சொல்லுங்க."

நடந்ததைத் தலைவர் பேச்சுப்போட்டியில் பேசுவது போலச் சொன்னார். அதில் தேவையானதை மட்டும் பிரித்தெடுத்தால் இவ்வளவுதான். சங்கக் கட்டடத்துக்குப் பின்னால், கண்டல் மரங்களின் நிழலில், வாவி கொஞ்சம் உள்ளே வளைந்து கிடக்கிறது. அதற்குப் பெயர் குஞ்சுமடு. இறாலும் மீனும் குஞ்சுப் பருவத்தில் அங்கேதான் ஒளிந்து வளரும். மூன்று வருடத்துக்கு முன் கண்ணகை என்ற நண்டுக்காரப் பெண் கூட்டத்தில் எழுந்து சண்டை பிடித்து, அந்த மடுவில் ஒருவரும் வலை போடக்கூடாது என்று தீர்மானம் நிறைவேற்றினாள். சுற்றிவரத் தடி நட்டுச் சிவப்புத் துணி கட்டினாள். காவலும் அவள்தான். அப்படிப்பட்டவளின் தோணிக்குள் இன்று விடியற்காலை ஒரு தங்கூசி வலை கிடந்தது. கண்ணுக்குத் தெரியாத நைலோன் நூலில் பின்னிய, சட்டம் தடைசெய்த வலை. அறுந்து அடியில் கிடந்தாலும் வருடக்கணக்காக மீனைக் கொன்றுகொண்டே இருக்கும் சனியன்.

"வேலியே…" என்று தொடங்கிய தலைவர், அந்த வசனத்தை மேடைக்கு மிச்சம் பிடித்துக்கொண்டு நிறுத்தினார். "இண்டைக்கு ரெண்டு தீர்மானம். ஒண்டு, கண்ணகைட தோணி அனுமதிய ரத்துப் பண்றது. மற்றது, காவல்காரியே கள்ளி எண்டா மடுவுக்கு என்னத்துக்குக் காவல்? திறந்து விடுறது. மனவருத்தத்தோடதான் சொல்றன்."

அவருடைய மனவருத்தம் ஏற்கெனவே தட்டச்சில் அடிக்கப்பட்டு, மேசையில் முப்பது பிரதியாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தது.

*

கண்ணகை கரையில், கவிழ்த்துப் போட்ட தோணியின் முதுகில் இருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கைவிரல்களில் நண்டு கடித்த தழும்புகள்.

"நீங்கதான் மாப்பிள்ள பாக்கிற ஆக்களா?" என்றாள். "எனக்குக் கல்யாணம் முடிஞ்சிட்டுகா. அவரும் போய்ச் சேந்துட்டார். இனி விசாரிக்க ஒண்டுமில்ல."

"வலைய விசாரிக்க வந்திருக்கம் அக்கா," என்றாள் தனுஷா.

வலை ஓர் அரிசிச் சாக்குக்குள் கிடந்தது. சாக்கின் வாய் கட்டப்பட்டு, கட்டின் மேல் சங்க முத்திரை குத்திய கடதாசி ஒட்டப்பட்டிருந்தது. மிதப்புக் கயிறு மட்டும் வெளியே நழுவித் தொங்கியது. இந்தப் பக்கத்தில் மிதப்புக்குக் கடையில் ஒன்றும் வாங்குவதில்லை. பழைய றப்பர் செருப்பை மூன்று துண்டாக வெட்டி, ஓட்டை போட்டுக் கோத்துவிடுவார்கள்.

"ஆரும் கை வைக்கல்ல," என்றார் தலைவர் பெருமையாக. "நான்தான் தனியத் தூக்கிச் சாக்குக்குள்ள போட்டன். சாட்சிப் பொருள்."

"நானும் தொடமாட்டன்," என்றாள் கண்ணகை. "தொட்டா என்ட வலை எண்டுருவார். இவர்ட மச்சான்மார் மூணு பேரு, மடு எப்ப திறக்கும் எண்டு வாயில எச்சி ஊற இருக்கானுகள். போன மாசம் மடுவுக்கு வெளிய நான் எடுத்த இறாலப் பாத்தீங்களெண்டா, ஒவ்வொண்டும் என்ட விரல் தடிப்பம். மூணு வருசமா உள்ள விட்டு வச்சதாலதான் வெளிய வருது. அது இந்த மண்டைகளுக்கு விளங்கினாத்தானே? என்ட தோணி போனாலும் நான் கூலிக்குப் போய்ச் சாப்பிடுவன். மடுவத் திறந்தாங்க எண்டா ஒரு கிழமையில வழிச்சு எடுத்துருவாங்க. அதுக்குப் பிறகு உட்காந்து எல்லாரும் ஒப்பாரி வைக்கிறதுதான்."

நௌஷாட் சாக்கின் அருகே குனிந்து மூக்கை நீட்டினான். நெளிந்த முகத்தோடு தனுஷாவின் பக்கம் நிமிர்ந்தான். "அக்கா, மீன் வலை எண்டா நாறணும். இது கல்யாண வீட்டுக்குப் போற சேலை மாதிரி மணக்குது. அலுமாரிக்குள்ள வச்ச மணம்."

"உங்களுக்குத் தடிமல், மூக்கு அடைச்சிருக்கு தம்பி," என்றார் தலைவர்.

தனுஷா அந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. மிதப்புகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். செருப்பின் முன்பக்கத் துண்டுகளாகப் பார்த்துப் பன்னிரண்டைத் தேர்ந்தாள். பிறகு தன் செருப்பைக் கழற்றி, வெறுங்காலை ஒரு துண்டின் மேல் வைத்துப் பார்த்தாள். அடுத்த துண்டு. அதற்கடுத்தது.

"செருப்பு அளவெடுக்கவா கூப்பிட்டது?" என்றார் தலைவர்.

"இதுல ஒண்ட வெட்டி எடுக்கட்டா?"

"எடுங்க, எடுங்க. செருப்புத்தானே."

*

"ஒரு வீட்டுல வலைக்குச் செருப்புச் சேத்தா எப்பிடி இருக்கும்?" என்று கேட்டாள் தனுஷா. அவர்களுடைய மோட்டார் சைக்கிள் ஒரு வேப்ப மரத்தடியில் நின்றது.

"நாறும்."

"நௌஷாட்."

"சரி, சரி. தேஞ்சு இருக்கும். வலதும் இடதுமாக் கலந்து இருக்கும். புருசன்ட பெரிசு, பிள்ளைட சின்னன்."

அவள் வெட்டியெடுத்த துண்டை அவன் கையில் போட்டாள். "பன்னிரண்டும் ஒரே அளவு. பன்னிரண்டும் இடதுகால். ஒண்டுலகூட ஒரு நாள் நடந்த தேய்மானம் இல்ல. கடையில வாங்கின கையோட வெட்டின மாதிரி."

நௌஷாட் அதைத் திருப்பிப் பார்த்தான். அடியில் குத்திய அலைக்கோடுகள் ஒன்றுகூடக் கலையாமல் இருந்தன. "புதுச் செருப்பு பன்னிரண்ட வெட்டிப் போடுறதுக்கு அவன் என்ன விசரனா? அதுவும் இடதுகாலா…" அவன் நிறுத்தினான். "அக்கா, வலதுகாலெல்லாம் எங்க?"

"அதத்தான் நான் உன்னட்டக் கேக்கிறன்."

"வலதுகாலெல்லாம் ஒருத்தர் போட்டுத் தேச்சிட்டார்." அவன் வாய் மெதுவாக விரிந்தது. "இடதுகால் இல்லாத ஒருத்தர்."

காத்தான்குடியில், பள்ளிக்கூடத்துக்குப் போகாத நாட்களில் நௌஷாட் ஒரு செருப்புக் கடையில் நின்றிருக்கிறான். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அங்கே ஒரு மனிதர் ஊன்றுகோலோடு வந்து, நான் போடுவது ஒன்றுதானே, பாதி விலைக்குத் தா என்று ஒரு மணித்தியாலம் வாதாடுவார். கடைசியில் சோடியாகத்தான் வாங்கிக்கொண்டு போவார். போகும்போது ஒவ்வொரு தடவையும் ஒரே வசனம் சொல்வார்: மற்றதும் வீண்போகாது, வலைக்கு உதவும்.

"ஏறுங்க அக்கா," என்றான் நௌஷாட். "அசனார் காக்காட்டப் போவம்."

*

ஊரே அண்ணன் முறைக்குக் 'காக்கா' என்று கூப்பிடும் அசனார் ஒரு பாயில், சுவரோடு சாய்ந்து, வலைக்குக் கயிறு கோத்துக்கொண்டிருந்தார். ஊன்றுகோல் பக்கத்தில் கிடந்தது. வலது காலில் ஒரு நீலச் செருப்பு. முற்றத்தில், ஒரு தகரத்தின் மேல், சாம்பல் நிறத்தில் சின்னச் சின்ன உருண்டைகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன.

தனுஷாவின் கண் காலில்லாத பக்கம் போனதைக் கண்டதும் அவரே தொடங்கினார். "எல்லாரும் சண்டைக் காலத்துல போன எண்டு நினைச்சு மரியாதை தாறாங்க. நானும் பேசாம வாங்கிக்கிறன். உண்மையச் சொன்னா, இது வட்டிலப்பத்துல போன கால். இனிப்புத் திண்டு வந்த சீனி வருத்தம்."

"எத்தின வட்டிலப்பம் காக்கா?" என்றான் நௌஷாட்.

"நீ செருப்புக்கடப் பொடியன்தானே? அண்டைக்கு நீ பாதி விலைக்குத் தந்திருந்தா இண்டைக்கு உனக்குப் பதில் சொல்லியிருப்பன்."

நௌஷாட் தன் போனில் ஒலிப்பதிவை அமுக்கினான். தனுஷா மிதப்பை நீட்டினாள். அவர் வாங்கிப் பார்த்து, தன் பிள்ளையின் படத்தைக் காட்டியது போலத் தலையாட்டினார். "என்ட வேலைதான். ஓட்டையப் பாருங்க, சுட்ட கம்பியால போட்ட. வேற ஆரும் கத்தியால குத்துவாங்க. இது செட்டிபாளையத்துத் தலைவருக்குக் கட்டின. ரெண்டு மாசமிருக்கும். மீன் சிரிக்கிற டீசேட்டுப் போட்டு வருவாரே, அவர்."

நௌஷாட் துள்ளிவிட்டான். "தலைவருக்கா?"

"ஓம். வலைத்துணி அவர் கொண்டுவந்த. தங்கூசி. நான் கை வைக்கமாட்டன் எண்டுட்டன். கண்காட்சியில வச்சு, இதுதான் கூடாத வலை எண்டு பிள்ளைகளுக்குக் காட்டுறதுக்காம். தண்ணியில போடுற இல்லையாம், பாத்தா வலை மாதிரித் தெரிஞ்சாக் காணுமாம். சரியெண்டு கயிறு கட்டி, மிதப்புப் போட்டு, அடிப்பக்கத்துக்கு…"

பள்ளிவாசலில் நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. அசனார் வாயை மூடிக்கொண்டார். நௌஷாட் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, பதிவாகிக்கொண்டிருந்த போனைத் தனுஷாவின் கையில் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடினான்.

திரும்பி வந்தபோது இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அசனார் சால்வையால் கண்ணைத் துடைத்தார். நௌஷாட் எவ்வளவு கேட்டும் தனுஷா சொல்லவில்லை.

"தலைவர்தான் வலைக்காரன் எண்டு தெரிஞ்சு போச்சு. இனி என்ன இருக்கு சிரிக்கிறதுக்கு?" என்றான்.

"அவர் மேடைப் பேச்சாளர் நௌஷாட். அது தெரிஞ்சு போனாலும் அதுக்கும் ஒரு பேச்சு வச்சிருப்பார். வழியில ஒரு பெரிய பிளாஸ்டிக் பேசன் வாங்கு. வெள்ளை நிறத்துல."

"பிளாஸ்டிக்கை ஒழிப்போம் எண்டு எழுதியிருக்கே?"

"அவர்ட பதாகைக்குப் பக்கத்துல வைப்பம். துணையா இருக்கும்."

*

நான்கு மணிக் கூட்டம் நாலேகாலுக்குத் தொடங்கியது. வாவிப் பக்கம் திறந்த மண்டபத்தில் ஐம்பது பேர் இருந்தார்கள். முன்வரிசையில், கையில் கோப்போடு, மீன்பிடி அலுவலர். வேறு எங்கேயோ இருக்க வேண்டியவரைப் போல அவர் அடிக்கடி மணிக்கூட்டைப் பார்த்தார். கண்ணகை கடைசியில், தூணோடு நின்றாள். மேசையில் சாக்கு. அதற்குப் பின்னால் தலைவர்.

தனுஷா எழுந்து அசனாரின் குரலைப் போட்டுக் காட்டினாள். 'செட்டிபாளையத்துத் தலைவருக்குக் கட்டின' என்ற இடத்தில் மண்டபம் இரைந்தது. மூன்று மச்சான்மாரும் ஒரே நேரத்தில் தங்கள் போன்களைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

தலைவர் கலங்குவார் என்று நௌஷாட் ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தான். தலைவர் புன்னகைத்தார்.

"நல்லது பிள்ள. நீங்க கண்டுபிடிச்சதுக்கு நன்றி. ஓம், அது சங்கத்து வலைதான். கண்காட்சி வலை. அலுமாரியில பூட்டி வச்சிருந்த. போன கிழமை காணாமப் போச்சு! ஆரு எடுத்த எண்டு தெரியாம இருந்தன். இப்ப தெரியுது." அவர் விரல் கடைசித் தூணை நோக்கி நீண்டது. "சட்டவிரோத மீன்பிடியோட சேத்து, களவும்!"

மண்டபம் மறுபக்கம் சாய்ந்தது. அலுவலர் முதல் தடவையாகப் பேனையைத் திறந்து எழுதத் தொடங்கினார். கண்ணகையின் முகம் வெளுத்தது. நௌஷாட் தனுஷாவைத் திரும்பிப் பார்த்தான். தாங்கள் கொண்டுவந்த ஆதாரத்தையே எடுத்து அவளுடைய கழுத்தில் மாட்டிவிட்டார் மனிதர். துப்பறிந்ததற்குப் பதிலாகக் கதவுக்கே காவல் நின்றிருக்கலாம்.

தனுஷா மட்டும் தலையை ஆட்டினாள், ஏதோ விளங்கிவிட்டது போல. "அப்ப கண்ணகையக்கா இந்த வலையத் திருடி, இதாலதான் மீன் பிடிச்சிருக்கா?"

"ஓம்."

"நீங்க கண்ட?"

"என்ட ரெண்டு கண்ணாலயும். ராவு முழுக்கக் குஞ்சுமடுவுல கிடந்த வலை. விடிய அஞ்சு மணிக்கு, தண்ணி ஒழுக ஒழுக இழுத்து ஏத்தினா. அதுக்குப் பிறகுதான் நான் போய்ப் பிடிச்ச."

"ராவு முழுக்கத் தண்ணிக்குள்ள."

"ஓம் எண்டுறன்."

"அலுவலர் ஐயா, அத எழுதிக்கங்க. தலைவர், வலைய எல்லாருக்கும் காட்டுவம். வாவியில கிடந்த மாதிரியே தண்ணியில போட்டுக் காட்டினா நல்லா விளங்கும். ஒண்டும் ஆகாதே?"

"ராவு முழுக்கக் கிடந்த வலைக்கு ஒரு பேசன் தண்ணி என்ன செய்யும்?" தலைவர் சிரித்தார். முன்வரிசையும் சிரித்தது. அவரே முத்திரையைக் கிழித்து, சாக்கைக் கவிழ்த்து, வலையை வெள்ளைப் பேசனுக்குள் கொட்டினார். நௌஷாட் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினான். வலையின் அடிக்கயிற்றில் வெள்ளி நிறத்தில் ஈயக்குண்டுகள் மின்னின.

"இப்ப நீங்க உங்கட தீர்மானத்தப் பேசுங்க," என்றாள் தனுஷா. "அவசரமில்ல."

அவசரமில்லை என்று ஒருவர் தலைவரிடம் சொன்னது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. அவர் பேசினார். வாவியின் அழகைப் பேசினார். தான் போன நாடுகளைப் பேசினார். நிலைபேறான மீன்பிடி என்ற சொல்லை ஒன்பது தடவை சொன்னார், நௌஷாட் எண்ணினான். அடுத்த தலைமுறை, அதற்கடுத்த தலைமுறை, அதற்குப் பிறகும் இரண்டு தலைமுறை வந்து போயின. இருபத்தைந்தாவது நிமிடத்தில் தண்ணீர் குடிக்க அவர் நிறுத்தியபோது, முன்வரிசையில் இருந்த ஒரு மீனவர் எழுந்து பேசனுக்குள் எட்டிப் பார்த்தார்.

"தலைவர்," என்றார். "வலை கரையுது."

எல்லோரும் எழுந்தார்கள். பேசனில் தண்ணீர் இல்லை. விதைப்புக்கு உழுத வயல் வட்டையில் நிற்பது போலச் சேறு நின்றது. மேலே வெள்ளிப் பெயின்ட் படலம் படலமாக மிதந்தது. தனுஷா அடிக்கயிற்றைத் தூக்கினாள். ஓட்டை வழியே தண்ணீர் புகுந்த குண்டுகள் பிளந்து, ஒவ்வொன்றாகப் 'பொத்' என்று விழுந்தன. கடைசியில் அவள் கையில் வெறுங்கயிறு மட்டும் மிஞ்சியது.

"களிமண்," என்றாள். "கண்காட்சி வலைக்கு ஈயம் எதுக்கு எண்டு அசனார் காக்கா வட்டைக் களிமண்ணை உருட்டி, காய வச்சு, சுடாமலே பெயின்ட் பூசிக் கோத்திருக்கார். இந்த வலை இண்டைக்குத்தான் முதல்முதலாத் தண்ணியக் காணுது. ராவு முழுக்க மடுவுல கிடந்ததாம். தலைவர் ரெண்டு கண்ணாலயும் கண்டாராம்."

நௌஷாட்டுக்கு அப்போதுதான் தகரத்தில் காய்ந்த உருண்டைகள் ஞாபகம் வந்தன. "அக்கா, நான் அதப் பலகாரம் எண்டு நினைச்சன்," என்றான் மெதுவாக.

தூணடியில் இருந்து ஒரு சிரிப்புக் கிளம்பியது. கண்ணகை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "என்ட தாயே! தூக்கினவருக்குப் பாரம் தெரியல்லையே! ஈய வலைக்கும் மண் வலைக்கும் வித்தியாசம் எங்கட ஊருல நாலு வயசுப் பிள்ளைக்கும் தெரியும். தனியத் தூக்கினாராம், தனிய!"

அதற்குப் பிறகு யாரும் சிரிப்பை அடக்கவில்லை. ஐம்பது மீனவர்களும் பேசனைப் பார்த்தார்கள், பிறகு தங்கள் தலைவரின் கைகளைப் பார்த்தார்கள். மெத்துமெத்தென்று, ஒரு தழும்பும் இல்லாத கைகள். இத்தனை வருடமும் எல்லோர் கண்ணெதிரிலும் மைக்கைப் பிடித்தபடி இருந்த கைகள்தான்.

"நான்… நான் நிர்வாகி," என்றார் தலைவர். "வலை தூக்கிறது என்ட வேலை இல்ல."

அலுவலர் எழுதியதைக் குறுக்காக வெட்டிவிட்டு, புதுப் பக்கத்தில் மேலே ஒரு பெயரை எழுதினார். அது கண்ணகை என்ற பெயரைவிட நீளமாக இருந்தது. மடுவைத் திறக்க விரும்புகிறவர்கள் கையை உயர்த்துங்கள் என்று அவர் கேட்டபோது, மச்சான்மாரில் ஒருவர் கை பாதி எழும்பி, தலையைச் சொறிந்துவிட்டு இறங்கியது.

தனுஷா பையிலிருந்து ஒரு தாளை எடுத்துத் தலைவரின் முன்னால் வைத்தாள். "நீங்க கேட்ட மாதிரியே ஒரு பக்க அறிக்கை. ஒப்பமும் வச்சிருக்கன்."

அதில் ஒரே ஒரு வரி இருந்தது: 'விசாரித்தோம். வலை உங்களுடையது.'

தலைவர் அதை இரண்டு தடவை வாசித்தார். பிறகு, செய்வதற்கு வேறு ஒன்றும் கிடைக்காதவரைப் போல, பேசனை இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு வாவிக்கரைப் படியை நோக்கி விறுவிறென்று நடந்தார். சேற்றைத் தண்ணீருக்குள் ஊற்றிவிட்டால் நடந்ததும் கரைந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

"நில்லுங்க!"

கண்ணகை அவருக்கு முன்னால், படியில் நின்றாள். இப்போது அவள் சிரிக்கவில்லை.

"அதுல பெயின்ட் கிடக்கு. வாவிக்குள்ள ஊத்த விடமாட்டன். கீழ குஞ்சுமடு."

"அப்ப நான் இத எங்க ஊத்திற?"

"எனக்கென்ன தெரியும்? நீங்கதானே நிர்வாகி."

தலைவர் இடப்பக்கம் திரும்பினார். கண்டல் கன்றுகள். வலப்பக்கம் திரும்பினார். ஐம்பது பேர், ஒருவரும் வழி விடவில்லை. பேசன் கனத்தது. சேற்றுத் தண்ணீர் தளம்பித் தளம்பி அவருடைய டீசேட்டில் கொட்டியது. சிரித்துக்கொண்டிருந்த மீனின் முகம் சேற்றில் மறைந்தது.

"போவமா அக்கா?" என்று மோட்டார் சைக்கிளை உதைத்தான் நௌஷாட்.

"பேசன்?"

"அவரே வச்சிருக்கட்டும். பழகிட்டார்."

அவர்கள் பிரதான வீதிக்கு ஏறித் திரும்பிப் பார்த்தபோதும் தலைவர் அதே படியில், அதே பேசனோடு நின்றுகொண்டிருந்தார். கண்ணகை அவரைத் தாண்டி இறங்கி, காற்றில் சாய்ந்திருந்த ஒரு தடியை நிமிர்த்தி, சிவப்புத் துணியை இன்னும் ஒரு முடிச்சுப் போட்டு இறுக்கிக்கொண்டிருந்தாள்.